கெல்லி கோட்டை: பேய்க்கதையும் வரலாறும்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் ஈப்போ பக்கம் செல்லும் குடும்பங்கள் பல. அவ்வாறு செல்வோர் தவறாமல் எட்டிப் பார்க்கும் இடங்களுள் ஒன்று, பத்துகாஜாவுக்கும் கோப்பெங்குக்கும் இடையே, ராயா ஆற்றங்கரையில் நிற்கும் கெல்லி கோட்டை. கோட்டை என்று பெயர் பெற்றிருப்பினும் அங்குப் போர் எதுவும் நடந்ததில்லை. அரசன் எவனும் வாழ்ந்ததில்லை. அஃது ஒரு தோட்டத் துரை தம் குடும்பத்திற்காகக் கட்டத் தொடங்கி, முடிக்காமலேயே விட்டுச் சென்ற மாளிகை.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளி மாணவர்களை அங்குக் கல்விச் சுற்றுலாவுக்கு அழைத்துச் சென்றோம். பேருந்தில் ஒரே கூச்சல். மாணவர்களை அமைதிப்படுத்த வேண்டி நான் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தேன். அக்கோட்டையைப் பற்றி மக்கள் சொல்லும் பேய்க்கதைகளைச் சற்று நீட்டி முழக்கிச் சொன்னேன். பேருந்து அமைதியானது. ஆனால் கோட்டையை அடைந்தபின் ஒரு மாணவன் இறங்க மறுத்துவிட்டான். மற்றவர்களோ அறைக்கு அறை ஓடிப் பேயைத் தேடினார்கள். மறுநாள் அவர்கள் எழுதிக் கொடுத்த கட்டுரைகளைத் திருத்தினேன். பேய், சுரங்கப்பாதை, இருட்டறை... இவைதாம் இருந்தன. அதைக் கட்டியவர்கள் யார் என்று ஒருவர்கூட எழுதவில்லை. அதற்கு மாணவர்களைக் குறை கூற இயலாது. நான்தானே சொல்லாமல் விட்டேன்?

அதைவிட என்னை உறுத்திய செய்தி வேறொன்று. எங்களுடன் துணைக்கு வந்திருந்த பெற்றோருள் ஒருவர், திரும்பும் வழியில் என்னருகே அமர்ந்து, "டீச்சர், எங்க பாட்டனார் இந்தப் பக்கத்துத் தோட்டத்திலதான் பால்மரம் வெட்டினாரு. கோட்டையப் பத்தி அவர் பேசினதே இல்ல. அந்த மாரியம்மன் கோயிலப் பத்தித்தான் எப்பவும் சொல்வாரு. நாம அங்க போகலியே?" என்றார். நேரமாகிவிட்டது என்று கூறிச் சமாளித்தேன். உண்மையில் பயணத் திட்டத்தில் அக்கோயிலை நான் சேர்க்கவே இல்லை. அந்தத் தவற்றின் விளைவே இக்கட்டுரை.

மாளிகையின் வரலாறு

வில்லியம் கெல்லி ஸ்மித் 1870ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் பிறந்தவர். 1890இல், தமது இருபதாம் வயதில் மலாயாவுக்கு வந்தார். அன்றைய கிந்தா பள்ளத்தாக்கு ஈயத்தால் செழித்திருந்த இடம். உலக ஈய உற்பத்தியில் ஏறத்தாழப் பாதி அந்நாளில் மலாயாவிலிருந்தே சென்றது என்றால், அப்பள்ளத்தாக்கின் மதிப்பை நாம் ஊகித்துக்கொள்ளலாம். பத்துகாஜா அப்போது கிந்தா மாவட்டத்தின் நிர்வாக நகரமாக விளங்கியது.

சார்ல்ஸ் அல்மா பேக்கர் என்ற நில அளவையாளருடன் சேர்ந்து, காடழிக்கும் குத்தகைப் பணிகளில் ஸ்மித் ஈடுபட்டார். அதில் ஈட்டிய பொருளைக் கொண்டு ஏறத்தாழ 1,000 ஏக்கர் காட்டு நிலத்தை வாங்கி ரப்பர் பயிரிட்டார். ஈயத் தொழிலிலும் இறங்கினார். தம் பிறந்த மண்ணின் நினைவாகத் தோட்டத்திற்குக் 'கிந்தா கெல்லாஸ்' என்று பெயர் சூட்டினார்.

1903இல் ஆக்னஸ் என்ற பெண்மணியை மணந்தார். மறு ஆண்டு மகள் ஹெலன் பிறந்தாள். மகன் அந்தோணி பிறந்ததோ 1915இல். ஏற்கனவே அங்கு ஒரு வீடு இருந்தது. ஆண் வாரிசு பிறந்த அதே ஆண்டில், அவ்வீட்டின் அருகிலேயே ஒரு பெரும் மாளிகையைக் கட்டத் தொடங்கினார் ஸ்மித். ஆறு மாடிக் கோபுரம், மின்தூக்கி, உள்ளரங்கு டென்னிஸ் திடல், விருந்தினரை உபசரிக்க மொட்டைமாடி முற்றம் எனத் திட்டம் விரிந்தது. செங்கல்லும் பளிங்கும் இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தன. சென்னையிலிருந்து 70 கைவினைஞர்கள் வரவழைக்கப்பட்டார்கள்.

1926ஆம் ஆண்டு போர்த்துக்கல் நாட்டின் லிஸ்பன் நகருக்குச் சென்றிருந்தபோது ஸ்மித் நுரையீரல் அழற்சி கண்டு இறந்தார். அவருக்கு வயது 56. ஆக்னஸ் அம்மையார் மலாயாவில் தொடர்ந்து வாழ விரும்பவில்லை. சொத்து ஹாரிசன்ஸ் அண்டு குரோஸ்பீல்டு நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. கட்டடம் அரைகுறையாகவே நின்றுவிட்டது. காடு மீண்டும் அதைச் சூழ்ந்தது. பின்னாளில்தான் துப்புரவு செய்யப்பட்டுச் சுற்றுலாத் தலமானது.

சான்றுகளோடு சொல்லத்தக்க வரலாறு இவ்வளவே. ஆனால் மக்கள் நாவில் வாழும் கதையோ இதனினும் பன்மடங்கு நீளமானது.

தனித்த மாளிகையும் அச்சமூட்டும் கதையும்

ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் ஒரு பெரிய வீடு இருந்தால் போதும், கதை தானே முளைத்துவிடும். ஆங்கில இலக்கியத்தில் இதற்கென்று ஒரு கதை மரபே உண்டு. ஹோரஸ் வால்போல் என்பார் 1764இல் வெளியிட்ட 'ஒட்ராண்டோ கோட்டை' எனும் புதினத்தை இம்மரபின் தொடக்கம் என்பர். தேம்ஸ் ஆற்றங்கரையில் தம் வீட்டையே பழங்காலக் கோட்டை போல மாற்றிக் கட்டிக்கொண்டவர் அவர். அதன்பின் எழுந்த கதைகள் பலவற்றுக்கும் ஒரே அச்சுதான். ஊருக்கு ஒதுக்குப்புறமான மாளிகை. பேசாத, மனத்தில் எதையோ மறைத்து வைத்திருக்கும் தலைவன். அவனிடம் காதல் கொள்ளும் இளம்பெண். திறக்கக் கூடாத ஒரு கதவு. இறுதியில் அக்கதவு திறக்கும், மறைபொருள் வெளிப்படும்.

ஷார்லட் பிராண்டி 1847இல் எழுதிய 'ஜேன் ஏர்' இவ்வகைக் கதைகளுள் மிகவும் புகழ்பெற்றது. அதன் நாயகி ஜேன் ஓர் ஆசிரியை என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி! மாளிகைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க வருகிறாள். உரிமையாளர் ரோச்செஸ்டரை விரும்புகிறாள். இரவில் மேல்மாடியிலிருந்து விநோதமான சிரிப்பொலி கேட்கிறது. பேய் எதுவும் அங்கில்லை என்பது பின்னர்த் தெரிய வருகிறது. பூட்டிய அறையில் இருப்பவர் ரோச்செஸ்டரின் மனைவி. ஜமைக்காத் தீவிலிருந்து 30,000 பவுண்டு சீதனத்தோடு மணம் முடித்து அழைத்து வரப்பட்டவர்.

இந்த இடத்தில் வரலாற்று ஆசிரியர் சற்று நிற்க வேண்டும். ஜமைக்காவின் செல்வம் எதிலிருந்து வந்தது? கரும்புத் தோட்டங்களிலிருந்து. அத்தோட்டங்களில் உழைத்தவர்கள் யார்? அடிமைகளாகக் கொண்டு வரப்பட்ட ஆப்பிரிக்க மக்கள். ஆக, இங்கிலாந்தின் தனித்த மாளிகையில் பூட்டி வைக்கப்பட்டிருந்த இரகசியத்தைத் தொடர்ந்து சென்றால், அது கடல் கடந்த ஒரு தோட்டத்தில் போய் முடிகிறது.

அங்கிருந்து நம் தோட்டத்திற்கு வருவதற்கும் வழி உண்டு. பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் இயற்றப்பட்டது. உழைப்பாளிகளை இழந்த தோட்ட முதலாளிகள் இந்தியாவை நோக்கித் திரும்பினார்கள். ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்கள் மொரிசியசுக்கும் கரிபியத் தீவுகளுக்கும் கப்பலேற்றப்பட்டார்கள். மலாயாவுக்கும் அவ்வாறே வந்தார்கள். நம் முன்னோர் 'சஞ்சிக் கூலி' என்று சொன்னது இம்முறையைத்தான். மலாயாவில் 1910ஆம் ஆண்டோடு இந்தியர்களைப் புதிதாக ஒப்பந்தம் செய்வது நிறுத்தப்பட்டது. அதன்பின் கங்காணி முறையே பெருவழக்காயிற்று. தோட்டத்துக் கங்காணி தம் சொந்த ஊருக்குச் சென்று, உற்றார் உறவினரையும் ஊராரையும் திரட்டி, நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேற்றிப் பினாங்கில் இறக்குவார்.

கெல்லி ஸ்மித் தம் மாளிகைக்கு அடிக்கல் நாட்டிய காலம் இதுவே. ஜேன் ஏர் கதையில் மாளிகை ஓரிடம், தோட்டம் வேறிடம். பத்துகாஜாவிலோ மாளிகையே தோட்டத்தின் நடுவில் நிற்கிறது. இரகசியத்தைத் தேடி நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. சுவரைப் பார்த்தாலே போதும்.

மூன்று கதைகள்

கோட்டையைப் பற்றி மக்கள் பரவலாகச் சொல்லும் கதைகள் மூன்று.

முதலாவது, பேய்க்கதை. மாடி நடையில் ஸ்மித் உலவுகிறார் என்றும், மகளின் அறையில் ஒரு சிறுமியின் உருவம் தோன்றுகிறது என்றும் சொல்கிறார்கள். ஆனால் ஸ்மித் இறந்தது ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால், லிஸ்பனில். இம்மாளிகை நிறைவு பெற்று அதில் அவர் குடும்பம் நிலையாக வாழ்ந்ததும் இல்லை. 1926இல் ஹெலன் இருபது வயதைக் கடந்த பெண். வாழாத வீட்டில், வயது வந்த ஒருவர் சிறுமியாக எவ்வாறு உலவுவார்? இக்கேள்வியை மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கழித்தல் கணக்கு ஒன்றைச் செய்தவுடன் பாதி அச்சம் விலகிவிடும்.

இரண்டாவது, சுரங்கப்பாதைக் கதை. கோட்டையிலிருந்து கோயிலுக்கு நிலத்தடியில் வழி உண்டு என்பர். இதைச் செவிவழிச் செய்தி என்ற தலைப்பில் வைப்பதே முறை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாளிகையையும் கோயிலையும் இணைக்கும் வழி ஒன்று இருந்தாக வேண்டும் என்று மக்கள் மனம் நம்புகிறது. அவ்விணைப்பு உண்மையே; அது மண்ணுக்கடியில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கோயிலுக்கு நடந்து சென்றால் கண்ணெதிரே தெரியும். அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

மூன்றாவது, காதல் கதை. மனைவி மீது கொண்ட அன்பின் சின்னமாகவே ஸ்மித் இதை எழுப்பினார் என்றும், மின்தூக்கி வாங்கவே லிஸ்பன் சென்றார் என்றும், அவர் திரும்பி வராததால் மனமுடைந்த ஆக்னஸ் அனைத்தையும் விற்றுச் சென்றார் என்றும் சுவைபடச் சொல்வர். கணவன் மனைவிக்கிடையே அன்பு இருந்திருக்கலாம். அதை நாம் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் 1915க்கும் 1926க்கும் இடையில் உலகில் நடந்தவற்றையும் நினைவில் கொள்ள வேண்டும். முதல் உலகப் போர் 1918 வரை நீடித்தது. 1920இல் தொடங்கிய வீழ்ச்சியில் ரப்பர் விலை அடிமட்டத்துக்குப் போனது. 1922இல் உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் திட்டத்தையே பிரிட்டிஷ் அரசு கொண்டு வர நேர்ந்தது. இரண்டு பிள்ளைகளுடன் கணவனை இழந்து நின்ற ஒரு பெண், முடிவடையாத ஆறு மாடிக் கனவை விற்றது மனமுடைந்ததால் மட்டுமே என்று சொல்வது, அவருடைய அறிவைக் குறைத்து மதிப்பிடுவதாகும்.

சுவரில் இருக்கும் சான்று

சென்னையிலிருந்து வந்த 70 கைவினைஞர்களைப் பற்றிச் சற்றே சிந்திப்போம். சென்னை உயர்நீதிமன்றக் கட்டடம் 1892இல் திறக்கப்பட்டது. சிவந்த செங்கல், கூர்மையான வளைவுகள், குவிமாடம் என இந்திய, இசுலாமிய, ஐரோப்பியக் கலைகள் கலந்த பாணி அது. கோலாலம்பூரில் 1897இல் எழுந்த சுல்தான் அப்துல் சமாட் கட்டடமும், 1910இல் எழுந்த தொடர்வண்டி நிலையமும் இப்பாணியின் உறவினர்களே. கெல்லி கோட்டையின் வளைவுகளைப் பார்த்தவுடன் 'எங்கோ பார்த்திருக்கிறோமே' என்று தோன்றுவதன் காரணம் இதுதான். சென்னையில் கைபழகிய தொழில் இங்கே வந்து இறங்கியிருக்கிறது.

'கூலிகள்' என்ற ஒரே சொல்லால் நம் முன்னோரை அடக்கிவிடும் பழக்கம் நமக்கே உண்டு. காடழித்தவர்களும் பால் வெட்டியவர்களும் நம்மவர்களே. அதில் இழிவு ஏதுமில்லை. ஆனால் அவர்களோடு கொத்தனாரும் வந்தார். வளைவின் கணக்கறிந்து செங்கல்லை நிறுத்தத் தெரிந்த தொழில்வல்லவரும் வந்தார். சாரம் இல்லாமல், பூசப்படாமல் நிற்கும் அச்சுவர்களில் அவர்கள் கைவேலை ஒளிவுமறைவின்றித் தெரிகிறது. வேலை முடிந்திருந்தால் சுண்ணச்சாந்து அதை மூடியிருக்கும்.

கட்டுமானம் நடந்துகொண்டிருந்த காலத்தில்தான் ஸ்பானியக் காய்ச்சல் எனும் கொள்ளைநோய் வந்தது. 1918இல் உலகையே உலுக்கிய அந்நோய் கப்பல் வழியாகவும் இரயில் வழியாகவும் மலாயாவின் தோட்டங்களை அடைந்தது. நெருக்கமான லயங்களில் வாழ்ந்த தொழிலாளர்களை அது மிகவும் வாட்டியது. ஸ்மித்தின் ஆள்களும் தப்பவில்லை. கோவிட் காலத்தைக் கடந்து வந்த நமக்கு அந்நிலையை விளக்க வேண்டியதில்லை. அன்று அவர்களுக்குத் தடுப்பூசி இல்லை; திரும்பி ஓடக் கடலுக்கு அக்கரையில் இருந்த ஊரிலும் அதே நோய்.

அந்நிலையில் தொழிலாளர்கள் துரையிடம் சென்று ஒரு கோயில் வேண்டும் என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டது மாரியம்மனுக்கு. அம்மையும் காய்ச்சலும் பரவும்போது வேப்பிலை கட்டி, கூழ் ஊற்றி, மழைக்கும் உயிருக்கும் வேண்டிக்கொள்ளும் தெய்வம் அவள். ஊரில் எது அவர்களைக் காத்ததோ அதையே இங்கும் நாடினார்கள். ஸ்மித் இசைந்தார், கோட்டைக்குச் சிறிது தொலைவில் மகா மாரியம்மன் கோயில் எழுந்தது. நன்றி மறவாத தொழிலாளர்கள் அவருடைய உருவத்தையும் சிலையாகச் செய்து தெய்வ உருவங்களுக்கு அருகில் வைத்தார்கள். வெள்ளை உடையில், தொப்பியுடன் ஒரு துரை மாரியம்மன் கோயிலில் நிற்கும் காட்சியை இன்றும் அங்குக் காணலாம். மாளிகையையும் கோயிலையும் இணைக்கும் வழி என்று நான் முன்னர்ச் சொன்னது இதையே.

இச்சிலையை எவ்வாறு புரிந்துகொள்வது? அடிமைப் புத்தி என்று சிலர் சினப்பர். நல்ல துரை என்று சிலர் புகழ்வர். இரண்டுமே அவசர முடிவு என்பது என் கருத்து. உயிருக்குப் போராடிய வேளையில் தங்கள் சொல்லுக்குச் செவிசாய்த்தவரை அவர்கள் மதித்தார்கள். அதைத் தங்களுக்குத் தெரிந்த கலையால் காட்டினார்கள். துரைக்குச் சிலை கிடைத்தது, மாளிகைக்கு அவர் பெயரும் நிலைத்தது. எழுபது பேர் என்ற எண்ணோ எண்ணாகவே நிற்கிறது. நாம் கேட்டு வளர்ந்த கோட்டைக் கதையில் ஒரு கொத்தனாருக்கும் பெயர் இல்லை. என்னைப் பொறுத்தவரை, அம்மாளிகையின் திறக்கப்படாத கதவு இதுதான்.

அவர்களுள் பலர் ஊரில் மனைவியை விட்டு வந்திருப்பார்கள். பிரிவும் காத்திருப்பும் ஆக்னசுக்கு மட்டும் உரியவை அல்லவே! அக்கடல் பயணத்தின் இரு கரைகளிலும் எத்தனையோ காதல் கதைகள் முடிவு தெரியாமல் நின்றிருக்கும்.

வகுப்பறையில் செய்யக்கூடியவை

ஆசிரிய நண்பர்களே! பேய்க்கதை சொல்லக் கூடாது என்று நான் கூறவில்லை. கதைதான் பிள்ளைகளை அவ்வாசல் வரை அழைத்து வருகிறது. வாசலோடு நிறுத்திவிடாமல் உள்ளே அழைத்துச் செல்வது நம் கடமை.

அடுத்த முறை சென்றபோது நான் மூன்று மாற்றங்கள் செய்தேன்.

1. முதலில் கோயிலுக்குச் சென்றோம், பிறகுதான் கோட்டைக்கு. சிலையைப் பார்த்த மாணவர்கள், "டீச்சர், சாமி பக்கத்துல ஏன் வெள்ளைக்காரர்?" என்று தாமாகவே கேட்டார்கள். அக்கேள்வியிலிருந்தே பாடம் தொடங்கியது.

2. ஒவ்வொருவருக்கும் மூன்று கட்டங்கள் கொண்ட தாள் ஒன்றைக் கொடுத்தேன். 'நான் கண்டது', 'எழுத்தில் படித்தது', 'பிறர் சொல்லக் கேட்டது' என்பன தலைப்புகள். பேயும் சுரங்கமும் மூன்றாம் கட்டத்தில் விழுந்தன. செங்கல், வளைவு, மின்தூக்கிக்கென விடப்பட்ட வெற்றிடம், சிலை ஆகியன முதல் கட்டத்தில் விழுந்தன. சான்று என்றால் என்ன என்பதை இதைவிட எளிதாக நான் கற்பித்ததில்லை.

3. ஒரு செங்கல்லின் அருகில் கையை வைத்து, அதை வைத்தவருக்கு ஒரு மடல் எழுதச் சொன்னேன். பெயர் தெரியாதவருக்கு எப்படி விளிப்பது என்று மாணவர்கள் திகைத்தார்கள். 'தாத்தா' என்றே பெரும்பாலோர் தொடங்கினார்கள்.

பெற்றோர்களே! உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டில் முதியவர்கள் இருந்தால், அவர்கள் எந்தத் தோட்டத்தில் வாழ்ந்தார்கள், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், கங்காணியார் யார், கோயில் திருவிழா எப்போது நடந்தது என்று கேட்டு எழுதி வையுங்கள். பழைய அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், திருமண அழைப்பிதழ், கோயில் நன்கொடைச் சீட்டு, தோட்டத்தில் எடுத்த நிழற்படம்... எதையும் குப்பை என்று எறிந்துவிடாதீர்கள். நிழற்படத்தின் பின்புறம் பெயர்களைப் பென்சிலால் எழுதுங்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதிகள் வந்த பிறகு, அப்பெயர்களைச் சொல்ல வேறு சாட்சி இல்லாமல் போகலாம்.

அன்று பேருந்தில் என்னருகே அமர்ந்த அந்த அம்மாவிடம் பிறகு பேசினேன். தம் பாட்டனாரின் பெயரையும், அவர் கப்பலேறிய ஊரின் பெயரையும், கோயிலில் அவர் தீ மிதித்த கதையையும் ஒரு பள்ளிப் பயிற்சிப் புத்தகத்தில் நான்கு பக்கம் எழுதித் தம் மகனிடம் கொடுத்தனுப்பினார். அதை வகுப்பில் படித்தோம். பேருந்திலிருந்து இறங்க மறுத்த மாணவன் அவர் மகன்தான். இரண்டாம் பக்கத்தை வாசித்தவனும் அவனே.